தங்கவயலும் வாரன் துரையும்

கோலார் தங்கவயலின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவராயினும் முதற்பக்கத்திலேயே ஒரு பெயரை எழுதிவிடுவர். லெப்டினன்ட் ஜான் வாரன் என்பது அப்பெயர். 1802-ஆம் ஆண்டில் ஊரிகத்துக்கும் மாரிக்குப்பத்துக்கும் வந்தார், கிராமத்தார் மண்ணைக் கழுவிப் பொன் எடுக்கக் கண்டார், கண்டதை எழுதிவைத்தார். இவ்வளவோடு அவரைக் கதையிலிருந்து அனுப்பிவிட்டு, லவெல் துரையையும் ஜான் டெய்லர் கம்பெனியையும் வரவழைத்துக்கொள்வது வழக்கம். தங்கவயலில் பிறந்த நானும் பல காலம் அவரை அந்த அளவிலேதான் அறிந்திருந்தேன். பௌதிகம் பயில வந்த பிறகு, ஊசலைப் பற்றிய பழைய ஆராய்ச்சிகளின் பட்டியல் ஒன்றில் அதே பெயர் எதிர்ப்பட்டது. பொன்னைத் தேடிய பட்டாளத்துத் துரைக்கும் ஊசலுக்கும் என்ன தொடர்பு என்று தேடப் போய், ஒரு முழு வாழ்க்கையே கண்ணில் பட்டது.

அதை இப்பொழுது எழுதத் தூண்டியது நம் மன்றத்து மாலைக் கூட்டம் ஒன்றில் எழுந்த கேள்வி. பூமத்திய ரேகைப் பகுதி ஏன் வெப்பமாயும் துருவப் பகுதி ஏன் குளிராயும் இருக்கின்றன என்று ஒரு நண்பர் கேட்டார். எளிய கேள்விதானே என்று நினைத்தோம். ஆனால் விடை இரண்டாய்ப் பிரிந்தது. பூமி நடுவில் புடைத்திருக்கிறது, ஆகவே நடுப்பகுதி சூரியனுக்கு அருகில் இருக்கிறது என்றார் ஒருவர். பூமிக்குள்ளேயே வெப்பம் இருக்கிறது, சுரங்கத்தில் இறங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள் என்றார் தங்கவயலிலிருந்து வந்த இன்னொருவர். இருவர் சொன்ன செய்தியும் உண்மை. இரண்டிலிருந்தும் பிறந்த முடிவு பொய். வேடிக்கை என்னவெனில், வாரனின் வாழ்க்கை இந்த இரண்டு செய்திகளையும் தொட்டுக்கொண்டு போகிறது.

வாரன் பிறப்பால் ஆங்கிலேயர் அல்லர். அயர்லாந்திலிருந்து பிரான்சில் குடியேறிய பிரபுக் குடும்பம் ஒன்றின் வழித்தோன்றல். 1769-இல் இத்தாலியின் லிவோர்னோத் துறைமுகத்தில் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சி அவர் போன்றோரை வேரோடு பிடுங்கி எறிந்தது. தம் குலம் எந்த அரசுக்கு வாளேந்தியதோ அந்த அரசே இல்லாமற் போகவே, எதிரி நாடாகிய இங்கிலாந்தின் படையில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். ஆர்தர் வெல்லெஸ்லி தலைமை தாங்கிய 33-ஆம் படைப்பிரிவில் இருந்தார். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த சீரங்கப்பட்டண முற்றுகையிலும் அவர் இருந்தார். பிரெஞ்சு நட்பை நாடிய மன்னனை வீழ்த்தும் படையில் ஒரு பிரெஞ்சுப் பிரபு! வரலாறு இப்படித்தான் சிலரோடு விளையாடுகிறது.

போர் முடிந்தது, நிலத்தை அளக்க வேண்டிய வேலை வந்தது. வில்லியம் லாம்டன் என்பவர் தென்னாட்டை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் பெருமுயற்சியைத் தொடங்கினார். அவருக்கு உதவியாளராய் இருந்தவர்களில் வாரனும் ஒருவர். இன்னொருவர் ஹென்றி கேட்டர்; நம் சோதனைச்சாலையில் முன்னும் பின்னும் திருப்பித் தொங்கவிட்டு நாம் அலுத்துக்கொள்ளும் அந்தக் கேட்டர் ஊசலின் தந்தை. 1802-இல் லாம்டன் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். ஏப்ரலில் தொடங்கி மே வரை, வெயில் தலையைப் பிளக்கும் காலம். நூறடி எஃகுச் சங்கிலி 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர் நீளும். நானூறு சங்கிலி நீளத்துக்கு அந்தப் பிழை மூன்று மீட்டர் அளவுக்குப் போய்விடும். ஆகவே சங்கிலிக்குப் பக்கத்தில் உஷ்ணமானியை வைத்துக்கொண்டே அளந்தார்கள். பூமியை அளப்பவன் முதலில் வெயிலை அளக்க வேண்டும் என்ற பாடத்தை லாம்டனின் பள்ளியிற் பயின்றவர்கள் மறந்ததில்லை.

அதே 1802-இல் மைசூர் அரசின் கிழக்கு எல்லையை வரையறுக்கும் பொறுப்பு வாரனுக்கு வந்தது. கோலார்ச் சீமையில் பொன் கிடைக்கிறது என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. பொன்னைக் காட்டுவோருக்குப் பரிசு உண்டு என்று அறிவித்தார். ஊரிகத்துக் கிராமத்தார் மாட்டு வண்டிகளில் மண்ணை ஏற்றிக்கொண்டு வந்து, அவர் கண்ணெதிரிலேயே நீரில் அலசிப் பொன் துகளைப் பிரித்துக் காட்டினர். ஏறத்தாழ 56 கிலோ மண்ணுக்கு ஒரு கிரெயின் பொன் என்பது அவர் கண்ட கணக்கு. குன்றிமணி எடையில் பாதி. மாரிக்குப்பத்தில் பழைய சுரங்கக் குழிகளையும் பார்த்தார். பின்னர் எல்லாவற்றையும் ஓர் அறிக்கையாக எழுதினார்.

வாரன் தங்கத்தைக் கண்டுபிடித்தார் என்று எழுதுகிறோமே, அது எனக்கு உடன்பாடில்லை. வண்டியில் மண் கொண்டுவந்தவர்களுக்கு அது எந்த மண் என்று தெரிந்திருந்தது. எப்படி அலசுவது என்றும் தெரிந்திருந்தது. வாரன் செய்தது எழுதியது. ஆனால் அந்த எழுத்தின் வலிமையைக் குறைத்து மதிப்பதற்கில்லை. எழுபது ஆண்டுகள் உறங்கிக் கிடந்த அந்த அறிக்கையை, நியூசிலாந்துப் போரிலிருந்து திரும்பிப் பெங்களூரில் குடியிருந்த மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ் சிப்பாய் எடுத்துப் படித்தார். 1870-களில் சுரங்க உரிமை பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தனர். வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் நம்மவர் குடும்பம் குடும்பமாய் வந்து இறங்கினர். என் பாட்டனாரின் தந்தையும் அந்தக் கூட்டத்தில் வந்தவர். நான் தங்கவயலில் பிறந்ததற்குக் காரணம் தேடிப் பின்னோக்கிப் போனால், ஒரு பிரெஞ்சுக்காரரின் ஆங்கில அறிக்கையில் போய் நிற்கும்!

இவ்விடத்தில் சுரங்க வெப்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம் வரை போயிற்று. ஒரு காலத்தில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் அது ஒன்று. அடியில் பாறையின் வெப்பம் 65 டிகிரி செண்டிகிரேடைக் கடந்தது. இயந்திரங்களால் குளிர்ந்த காற்றைச் செலுத்தினாலொழிய அங்கே மனிதன் நின்று வேலை செய்ய முடியாது. இறங்கி ஏறியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவனுக்கு, மேலே அடிக்கும் வெயிலும் கீழிருந்து வருவதுதான் என்று தோன்றினால் அதில் வியப்பில்லை.

ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. பாறை வெப்பத்தை மிக மெல்லக் கடத்தும் பொருள். உள்ளே எவ்வளவு சூடிருந்தாலும், தரையின் ஒரு சதுர மீட்டர் வழியாக மேலே கசிந்து வருவது சராசரியாகப் பத்தில் ஒரு வாட்டுக்கும் குறைவு. சூரியனிடமிருந்து பூமி ஏற்றுக்கொள்வதோ, இரவு பகல் எல்லாம் சேர்த்துச் சராசரி பார்த்தால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 240 வாட். இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அந்தக் கசிவு ஊருக்கு வெயிலைத் தர இயலாது. மேலும், பூமியின் உள்வெப்பம் பூமத்திய ரேகைக்கு மட்டும் உரிய சொத்தன்று. துருவத்துப் பாறையைத் தோண்டினாலும் ஆழத்தோடு சூடு ஏறத்தான் செய்யும். மேலே பனி மூடியே கிடக்கும். தங்கவயல் நண்பரின் விடை இத்துடன் தீர்ந்தது.

மற்றவர் விடைக்கு வாரனோடு சென்னைக்குப் போகவேண்டும்.

நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் கம்பெனியாரின் வானாராய்ச்சி நிலையம் இயங்கி வந்தது. கருவிகளைத் தாங்கிய அதன் கருங்கல் தூணில் இலத்தீனோடு தமிழும் தெலுங்கும் பொறிக்கப்பட்டுள்ளன. இன்றைய வானிலை நிலைய வளாகத்தில் அந்தத் தூண் நிற்கிறது. அதன் தலைவரான கோல்டிங்ஹாம் விடுப்பில் போனபோது, 1805 முதல் 1811 வரை வாரன் பொறுப்பேற்றார். 1807-இன் பெரிய வால்மீனைப் பின்தொடர்ந்து குறித்தார். சென்னையின் தீர்க்கரேகையைத் திருத்தமாக்க முயன்றார். 1809-இல் வினாடி ஊசலின் நீளத்தை அளக்கும் சோதனையைச் செய்தார். ஒரு வீச்சுக்குச் சரியாக ஒரு வினாடி எடுக்கும் ஊசல் சென்னையில் எவ்வளவு நீளமிருக்க வேண்டும் என்பதே கேள்வி.

கேள்வி சிறிதாகத் தோன்றலாம். அதன் கதை 1672-இல் தொடங்குகிறது. பாரிசிலிருந்து ரிஷே என்பவர் தென்னமெரிக்கக் கரையிலுள்ள கயேன் தீவுக்கு ஓர் ஊசற்கடிகாரத்தை எடுத்துப்போனார். பூமத்திய ரேகைக்கு ஐந்தே பாகை தூரம். அங்கே அக்கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. ஊர் வெப்பம், உலோகம் நீண்டிருக்கும், ஆகவே ஊசல் மெதுவாகிறது என்றனர் சிலர். கெட்டிக்காரத்தனமான விடைதான். ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால், எஃகு ஊசல் ஒரு டிகிரி சூடேறினால் நாளொன்றுக்கு அரை வினாடிதான் பிந்தும். இருபது டிகிரி ஏறினாலும் பத்து வினாடி. மீதி இரண்டு நிமிடத்துக்கு மேல் எங்கே போயிற்று? பூமியின் ஈர்ப்பு அங்கே குறைந்திருக்க வேண்டும் என்றார் நியூட்டன். பூமி சுழல்வதால் நடுவில் புடைத்து, துருவங்களில் தட்டையாகியிருக்கிறது; சுழற்சியும் புடைப்பும் சேர்ந்து ஈர்ப்பைக் குறைக்கின்றன.

இதை நிறுவ, பல அட்சரேகைகளில் ஊசலை அளந்தாக வேண்டும். பதின்மூன்று பாகையில் உள்ள சென்னை அதற்கு அருமையான இடம். லண்டனில் வினாடி ஊசலாக இருப்பது சென்னையில் மூன்று மில்லிமீட்டர் நீளம் மிகுதி. குறைக்காவிட்டால் நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கும் சற்று அதிகமாகப் பிந்தும். சென்னை வெப்பத்தில் ஊசல் நீளும் கணக்கை ஒருபுறம் கழித்து, ஈர்ப்பின் கணக்கை மறுபுறம் தனியே எடுப்பதுதான் வாரனின் வேலை. இந்த மூன்று மில்லிமீட்டருக்காக ஒருவர் இரவும் பகலும் உட்கார்ந்து ஊசலின் வீச்சுக்களை எண்ணியிருக்கிறார் என்பதை நினைத்தால், சோதனைச்சாலையில் இருபது வீச்சு எண்ணிவிட்டுத் தேநீர்க்கடைக்கு ஓடும் நமக்குச் சற்று நாணம் வரவேண்டும்.

அப்படி அளந்தோர் பலரின் உழைப்பால் கிடைத்த முடிவு, பூமியின் நடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட 21 கிலோமீட்டர் அதிகம் என்பது. நம் நண்பர் சொன்ன புடைப்பு இதுதான். ஆனால் சூரியன் இருப்பது பதினைந்து கோடி கிலோமீட்டர் தூரத்தில். அதில் 21 கிலோமீட்டர் நெருங்கினால் கூடும் வெப்பம் ஒரு கோடியில் மூன்று பங்கு. வீட்டு வாசலிலிருந்து ஒரு மயிரிழை முன்னே நகர்ந்துவிட்டு, திருத்தணி முருகனை நெருங்கிவிட்டேன் என்பது போல! இன்னொரு சான்றும் உண்டு. பூமி ஜனவரி முதல் வாரத்தில் சூரியனுக்கு மிக அருகிலும் ஜூலை முதல் வாரத்தில் மிகத் தொலைவிலும் இருக்கிறது. வேறுபாடு ஐம்பது லட்சம் கிலோமீட்டர். ஜூலையில் பூமிக்கு வரும் சூரிய ஒளி ஏழு சதவீதம் குறைவு. ஆயினும் வடபாதிக்கு ஜூலை கோடை, ஜனவரி குளிர். ஐம்பது லட்சம் கிலோமீட்டரால் ஆகாதது இருபத்தொரு கிலோமீட்டரால் ஆகுமோ?

அப்படியானால் காரணம் என்ன? சாய்வு. ஒரு மரக்கால் நெல்லை ஒரு பாயில் பரப்பினால் கனமாக இருக்கும். அதே நெல்லை நான்கு பாயில் பரப்பினால் பாயின் கோரை தெரியும். சூரிய ஒளியும் அப்படியே. மார்ச்சு 21-ஆம் நாள் நண்பகலில் தங்கவயலின் வானத்தில் சூரியன் 77 பாகை உயரத்தில் நிற்கும். ஒரு மீட்டர் அகலமான ஒளிக்கற்றை தரையில் ஒரு மீட்டர் சொச்சத்திலேயே விழும். அறுபது பாகை வடக்கே போனால் அதே கற்றை இரண்டு மீட்டரில் பரவும். எழுபத்தைந்து பாகையில் நான்கு மீட்டர் அளவுக்கு மெலிந்துபோகும். சாய்ந்து வரும் ஒளி காற்றினூடே நெடுந்தூரம் வந்து சிதறுவது வேறு. அட்சரேகைக்கு அட்சரேகை சூரிய வெப்பம் எவ்வளவு என்ற கணக்கை எட்மண்ட் ஹாலி 1693-லேயே போட்டுவிட்டார். வாரன் போட்டதென்று சொல்லி அவருக்கு இல்லாத புகழைச் சேர்க்க நான் முயலவில்லை.

கணக்கில் ஒரு விந்தை உண்டு. ஜூன் 21-ஆம் நாள் வடதுருவத்தில் சூரியன் மறைவதே இல்லை. இருபத்துநான்கு மணி நேர வெயிலைக் கூட்டிப் பார்த்தால், காற்றின் மேல்விளிம்பில் அன்று துருவம் பெறுவது பூமத்திய ரேகை பெறுவதைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம்! ஆயினும் அங்கே பனி உருகித் தீர்வதில்லை. புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் திருப்பி அனுப்பிவிடுகிறது; மிச்சத்தில் பெரும்பகுதி பனியை நீராக்குவதிலேயே செலவாகிறது. பிறகு ஆறு மாதம் இருள். ஆண்டு முழுமைக்கும் பார்த்தால் துருவத்தின் வரவு பூமத்திய ரேகையின் வரவில் ஐந்தில் இரண்டு பங்குதான். காற்றும் கடலும் தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வெப்பத்தைச் சுமந்துபோய்த் துருவங்களில் கொட்டாவிட்டால், அங்குள்ள குளிர் இன்னும் கொடிதாயிருக்கும்; நம் பக்கத்து வெயிலும் இன்னும் கொடிதாயிருக்கும்.

நம் ஊர்களில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வருவது ஆண்டுக்கு இருமுறை: ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்டு 18-ஐ ஒட்டியும். முதலாவது சித்திரையின் பதினோராம் நாள் வாக்கில் வருகிறது. அதற்குப் பத்து நாள் கழித்தே கத்திரி பிறக்கிறது. நிலம் சூடேறிச் சேர்வதற்குக் கொஞ்ச காலம் வேண்டுமல்லவா? ஆகஸ்டில் மேகம் குடை பிடிப்பதால் இரண்டாவது கத்திரி இல்லை. தங்கவயல் சென்னையின் அட்சரேகையிலேயே இருந்தும் அவ்வளவு வேகாததற்குக் காரணம் 850 மீட்டர் உயரம்.

சித்திரையைச் சொன்னதும் வாரனின் கடைசி வேலைக்கு வந்துவிட்டோம். நெப்போலியன் வீழ்ந்து பிரான்சில் மீண்டும் மன்னராட்சி வந்தபோது அவர் தாய்நாடு சென்றார். குடும்பப் பட்டமும் மரியாதையும் திரும்பக் கிடைத்தன. அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் புதுச்சேரிக்குத் திரும்பிவந்து குடியமர்ந்தார். 1825-இல் சென்னையில் காலசங்கலிதம் என்ற பெருநூலை வெளியிட்டார். தென்னாட்டு மக்கள் காலத்தை எப்படிப் பகுக்கிறார்கள், பஞ்சாங்கம் எப்படிக் கணிக்கப்படுகிறது என்பது அதன் பொருள். தமிழரின் சூரிய ஆண்டு 365 நாள் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை என்ற கணக்கெல்லாம் அதில் விரிகிறது. பருவங்களின் ஆண்டைவிட இது ஏறத்தாழ 24 நிமிடம் நீளம். அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் சித்திரை பருவத்தை விட்டு நழுவுகிறது. வாரன் அந்நூலை எழுதிய காலத்தில் சித்திரை முதல் நாள் ஏப்ரல் 11 வாக்கில் பிறந்தது, இப்பொழுது 14. இப்படியே போனால், இன்னும் எழுநூறு ஆண்டில் சூரியன் நம் உச்சிக்கு வரும் நாள் பங்குனிக்குப் போய்விடும்.

அந்நூலில் என்னைக் கட்டிப்போட்ட பகுதி ஒன்று. புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர். அவருக்கு வானசாத்திரக் கொள்கைகள் ஏதும் தெரியாது என்று வாரன் பதிவுசெய்கிறார். ஏடு இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி நகர்த்திக்கொண்டே, வாக்கியங்களாய் மனனம் செய்த அட்டவணைகளை நினைவிலிருந்து எடுத்து, 1825 மே 31-ஆம் நாள் இரவின் சந்திர கிரகணத்தை அவர் வாரன் முன்னிலையில் கணித்தார். தொடக்கத்தில் பிழை நான்கே நிமிடம், நடுவில் இருபத்துமூன்று, முடிவில் ஐம்பத்திரண்டு. வாரன் இந்த மூன்று பிழைகளையும் மறைக்கவில்லை; கேலியும் செய்யவில்லை. மண்ணைக் கழுவிக் காட்டிய ஊரிகத்தாரை எப்படி உட்கார்ந்து பார்த்தாரோ, அப்படியே சோழி நகர்த்தியவரையும் உட்கார்ந்து பார்த்து, படிக்குப் படி எழுதிக்கொண்டார்.

1830 பிப்ரவரியில் புதுச்சேரியிலேயே அவர் இறந்தார். அவர் எழுதிய பொன் அறிக்கையால் தோண்டப்பட்ட சுரங்கங்கள் எண்ணூறு டன்னுக்கு மேல் தங்கத்தைத் தந்துவிட்டு 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. மற்ற நூலை 1952-இல் ஆட்டோ நாய்கபவர் என்ற கணித வரலாற்று அறிஞர் எடுத்து ஆராய்ந்து, தமிழர் வானியல் என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். பழைய பாபிலோனியர் கையாண்ட எண்முறைகளின் சாயல், அந்தச் சோழிக் கணக்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை உயிரோடிருந்ததை அவர் அதில் எடுத்துக் காட்டினார்.